முகப்பையே காட்டும் ஒரு வரி

எங்கள் பகுதிப் பாசன அறிவிப்புத் தளத்தைப் பராமரிக்கும் குழுவினருக்கு,

வணக்கம். மன்னார்குடிப் பக்கம் இ-சேவை மையம் வைத்திருப்பவன் எழுதுகிறேன். மேட்டூர் திறக்க வழக்கமான தேதி ஜூன் 12. அந்தத் தண்ணீர் கல்லணையில் பிரிந்து, வெண்ணாறு வழியாக எங்கள் வாய்க்காலுக்கு வர நாள் பிடிக்கும். வாய்க்கால்களுக்கு முறை வைத்து மாற்றி மாற்றித் தண்ணீர் விட்டால் இன்னும் தள்ளிப்போகும். அந்த முறை என்றைக்கு என்ற அறிவிப்பைத்தான் நாங்கள் தேடுகிறோம்.

போன வருஷம் கடைமடைப் பெரியவர் ஒருவர் வந்து, "தம்பி, நம்ம மதகுக்கு முறை என்னிக்குன்னு பாரு" என்றார். தேடினேன். பழைய செய்திகள் வந்தன, உங்கள் முகப்புப் பக்கமும் வந்தது. அறிவிப்பு வரவில்லை. தளத்துக்குள் நாலு இடம் தட்டிப் போனால் அது பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது!

கன்ட்ரோல்-யு அழுத்தி, பக்கத்தின் பின்னால் இருக்கும் மூல நிரலைப் பார்த்தேன். திரையில் தெரியாத ஹெட் பகுதியில், வேறொரு முகவரியோடு பக்கத்துக்கு உள்ள உறவைச் சொல்லும் லிங்க் டேக் மூன்று. என்ன உறவு என்று சொல்வது ரெல்; ஒன்றின் ரெல் ஸ்டைல்ஷீட் (தோற்றத்துக்கான கோப்பு), இன்னொன்றுக்கு ஐகான். மூன்றாவது கெனானிகல், அதாவது அசல் பக்கம் எது என்பது. முகவரி எழுதும் இடமான அதன் ஹெச்ரெஃப்பில் முகப்பு முகவரி. அடுத்த அறிவிப்பைத் திறந்தேன், அதிலும் முகப்பு. டெம்ப்ளேட்டில் ஒருமுறை எழுதியது எல்லாப் பக்கத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

அச்சுப் பிரதி, கேள்விக்குறி வால் முளைத்த முகவரி என்று ஒரே சரக்கு நாலு இடத்தில் கிடந்தால், அசல் எது என்று சொல்லத்தான் 2009இல் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் இந்தக் கெனானிகல் வரியை ஏற்றன. தேடுபொறி இதைக் கட்டளையாகக் கொள்வதில்லை, ஆனால் பெரும்பாலும் மதிக்கும். உங்கள் அறிவிப்புகளோ ஒவ்வொன்றும் "நான் அசல் இல்லை, முகப்பைப் பாருங்கள்" என்கின்றன. ஒவ்வொரு பக்கமும் தன் முகவரியையே சொல்லட்டும். அதன் நகல்கள் மட்டும் அதைக் காட்டட்டும்.

இன்னொன்று. ஆங்கிலப் பக்கம், இதே சரக்கு வேறு மொழியில் இங்கே இருக்கிறது என்று சொல்லும் ஆல்டர்நேட், ஹெச்ரெஃப்லாங் போட்டுத் தமிழ்ப் பக்கத்தைக் காட்டுகிறது. தமிழ்ப் பக்கம் திருப்பிக் காட்டவில்லை. ஒரு வீட்டார் மட்டும் சம்பந்தி என்று சொல்லிக்கொண்டால் ஊர் நம்புமா? கூகுளும் நம்பாது. இரண்டு பக்கத்திலும் போடுங்கள். அடுத்த பக்கம், முந்தைய பக்கம் எது என்று சொல்லும் நெக்ஸ்ட், ப்ரெவ் வரிகளுக்கு அவசரமில்லை. அவற்றைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2019இலேயே சொல்லிவிட்டது.

குறுவைக்குள் திருத்திவிட்டால் நல்லது. அதுவரை அறிவிப்பை அச்சடித்துக் கடை வாசலில் ஒட்டிவைக்கிறேன். அதன் முழு முகவரியையும் கீழே பேனாவால் எழுதிவிடுகிறேன்.

இப்படிக்கு,
கடைமடை ஊர் இ-சேவை மையக்காரன்