ஃபெரிட்டினோடு சி.ஆர்.பி.யும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தீராத தொற்றால் அவதிப்படுபவருக்கு ஹீமோகுளோபின் குறைந்தால், இரும்புச் சத்து மாத்திரை கொடுப்பதே வழக்கமாகிவிட்டது. இரண்டு மாதம் விழுங்கியும் எண் ஏறாதபோது, மாத்திரை சரியில்லை என்று வேறொன்று மாற்றுகிறார்கள். கோளாறு, இரும்பு எலும்பு மஜ்ஜைக்குப் போகும் வழியில் இருக்கிறது.

மஜ்ஜையில் வளரும் இளம் சிவப்பணுக்கள், சிறுநீரகம் சுரக்கும் எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோன் கிடைத்தால்தான் பிழைக்கும். கிடைக்காதவை தாமே மடிந்துவிடும். பிழைத்தவை ஹீமோகுளோபினை நிரப்பிக்கொள்ள, நாளொன்றுக்கு மொத்தம் 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு வேண்டும். உணவிலிருந்து குடல் உறிஞ்சுவது வெறும் 1 அல்லது 2 மில்லிகிராம். மற்றதெல்லாம் வயதான சிவப்பணுக்களை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் திருப்பித் தருவதுதான்.

பாக்டீரியாவின் எண்டோடாக்சின் என்ற நச்சு சீண்டுவது அதே மேக்ரோஃபேஜ்களைத்தான். அவை வெளிவிடும் இன்டர்லூக்கின் 6 என்ற அழற்சிப் பொருள், கல்லீரலை ஹெப்சிடின் சுரக்க வைக்கிறது. 25 அமினோ அமிலங்களே கொண்ட இந்தச் சிறு ஹார்மோன், செல்லிலிருந்து இரும்பு வெளியேறும் ஒரே வாசலான ஃபெரோபோர்ட்டினை அடைத்துச் சிதைத்துவிடும். குடல் செல்லிலும் இதே வாசல்தான். மாத்திரையின் இரும்பு அங்கேயே தங்கி மலத்தோடு போய்விடுகிறது. கிருமிக்கு இரும்பு கிடைக்காதிருக்க உடல் போடும் பூட்டு இது. போதாக்குறைக்கு, அழற்சிப் பொருள்கள் எரித்ரோபாய்ட்டின் சுரப்பையும் குறைத்துவிடுகின்றன.

ஏமாறுவது, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையின் முடிவைப் படிக்கும்போதுதான். தொற்று இருந்தால் ஃபெரிட்டின் தானாக ஏறும். ஒரு லிட்டருக்கு 40 மைக்ரோகிராம் என்று வந்தால் "நார்மல்" என அச்சாகும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு இரும்புக் குறைபாட்டின் எல்லையாக வைத்திருப்பது 15. தொற்றோ அழற்சியோ இருந்தால் 70. அந்த 40 உண்மையில் பற்றாக்குறை. எனவே அதே ரத்த மாதிரியில், அழற்சியைக் காட்டும் புரதமான சி.ஆர்.பி.யும், ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிரான்ஸ்ஃபெரின் செறிவும் பார்க்க வேண்டும். செறிவு 20 சதவீதத்துக்குக் கீழும் ஃபெரிட்டின் 100-க்கு மேலும் இருந்தால், இரும்பு இருக்கிறது, பூட்டிக் கிடக்கிறது என்றே கொள்ளலாம். அப்போது முதலில் தொற்றைத் தீர்க்க வேண்டும். சிறுநீரகச் செயல்பாட்டையும் தைராய்டையும் பார்ப்பது நல்லது; தைராய்டு ஹார்மோன் குறைந்தாலும் சிவப்பணு உற்பத்தி மந்தமாகும்.

ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. பூட்டும் பற்றாக்குறையும் ஒருவருக்கே சேர்ந்து இருக்கலாம். ஒரு தடவை விழுங்கும் மாத்திரையே ஹெப்சிடினை ஏறத்தாழ ஒரு நாள் உயர்த்தி வைக்கும் என்பதால், ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடுவது பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்கலாம்.

ஃபெரிட்டின் எண்ணுக்குக் கீழே, "தொற்று இருந்தால் எல்லை 70" என்று ஆய்வகங்கள் ஒரு வரி அச்சிட்டாலே பல பேருடைய குறைபாடு கண்ணில் படும். அதைச் செய்யுங்கள் என்று உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ரத்தப் பரிசோதனைத் துறையினர்