ஜெட் மாடல் கட்டினால் யுத்த வெறி வருமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் வாசகர் கடிதம் பகுதியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பிளாஸ்டிக் போர் விமான மாடல்களைப் பற்றி எழுதியிருந்தார். பேரனுக்குப் பிறந்தநாள் பரிசாக யாரோ மிக் 21 கிட் (பாகங்களை ஒட்டி மாடல் கட்டும் பெட்டி) ஒன்றைக் கொடுத்துவிட்டார்களாம். குண்டு போடுகிற விமானத்தைப் பிள்ளை உட்கார்ந்து ஒட்டினால் யுத்த வெறிதான் வளரும், காசும் கரி, நேரமும் வீண் என்று ஐயா வருத்தப்பட்டிருந்தார். பல வருடங்களாக இந்த வேலையிலேயே கிடப்பவன் என்ற உரிமையில் பதில் எழுதுகிறேன். அதுவும் அவர் எடுத்த உதாரணம் மிக் 21 என்பதால் சும்மா இருக்க முடியவில்லை.

ஐயா பக்கம் இருக்கும் நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தப் பொழுதுபோக்குக்கும் ராணுவத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1942-ல் அமெரிக்கக் கடற்படை, பள்ளிப் பிள்ளைகளிடம் 5 லட்சம் மாடல் விமானங்கள் செய்து தரச் சொல்லிக் கேட்டது. வானத்தில் வருவது நம்முடையதா எதிரியுடையதா என்று வீரர்களுக்குக் கண் பழக்குவதற்காக. 72-ல் ஒரு பங்கு அளவில் மரத்தில் செதுக்கிய மாடல்கள் அவை. இன்றைக்கும் உலகம் முழுக்க அதிகம் விற்கிற விமான கிட்டுகளில் அந்த 1:72 அளவு இருக்கிறது. பெட்டியின் மேல் வரைந்திருக்கும் படங்களும் அப்படித்தான், நெருப்பும் புகையுமாக. அதைப் பார்த்து ஒரு ஆசிரியர் முகம் சுளித்தால் அதில் தப்பே இல்லை. ஆனால் அவர் பெட்டியின் படத்தோடு நின்றுவிட்டார் என்று நினைக்கிறேன்.

மூடியைத் திறந்தால் உள்ளே விமானம் இருக்காது. சாம்பல் நிற பிளாஸ்டிக் சட்டங்கள், அவற்றில் ஒட்டிக்கொண்டு நகக்கண் அளவிலிருந்து கை நீளம் வரை பாகங்கள், சின்னங்களும் எண்களும் அச்சிட்ட ஒரு டெக்கால் தாள், ஒரு குறிப்புப் புத்தகம். செக் நாட்டு எடுவார்ட் கம்பெனியின் கிட்டாக இருந்தால் பெரும்பாலும் அரித்தெடுத்த மெல்லிய பித்தளைத் தகடும் வரும், காக்பிட்டுக்குள் வைக்க. 1:48 அளவில் மிக் 21 கட்டி முடித்தால் நீளம் ஏறக்குறைய பள்ளிக்கூட ஸ்கேல் அளவு, இறக்கை முனைக்கு முனை 15 சென்டிமீட்டர்தான். இந்த விகிதத்தைக் கையில் வைத்துப் பார்க்கிற நிமிடமே ஒரு விஷயம் புரிந்துவிடும்: இவ்வளவு நீளமான உடம்புக்கு இவ்வளவு சின்ன இறக்கை. அசல் விமானத்தின் இறக்கை அகலம் 7.15 மீட்டர், அவ்வளவே. வேகமாகப் பறக்க அது அருமை, தரையிறங்கத் தொல்லை. வேகத்தைக் குறைத்தால் அந்தச் சின்ன இறக்கை எடையைத் தாங்காது, அதனால் மணிக்கு 300 கிலோமீட்டர் வாக்கில் ஓடுபாதையைத் தொட வேண்டும். இந்த விமானத்தைப் பறக்கும் சவப்பெட்டி என்று செய்தித்தாள்கள் எழுதி எழுதி நமக்கெல்லாம் மனப்பாடம். ஏன் அப்படி ஆனது என்பதற்கான பதிலில் பாதி அந்தப் பெட்டிக்குள் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு இருக்கிறது.

மீதியையும் சொல்கிறேன். பயிற்சிக்கான இரட்டை இருக்கை மிக் 21-ஐக் கட்டினால் பின் இருக்கைக்கு மேலே ஒட்டுவதற்குக் குட்டியாக ஒரு பெரிஸ்கோப் இருக்கும். பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆசிரியருக்கு, முன்னால் மாணவன் எங்கே இறங்குகிறான் என்று தெரிய வேண்டுமல்லவா, அதற்கு. பயிற்சி விமானத்திலேயே பார்வை இந்த லட்சணம் என்றால், கிரண் மாதிரி மெதுவான பயிற்சி விமானத்தில் பழகிவிட்டு நேராக இதில் ஏறிய இளம் விமானிகளின் கதி என்ன என்று யோசிக்கத்தானே தோன்றும். இடையில் பழக ஒரு வேகமான பயிற்சி ஜெட் வேண்டும் என்று விமானப்படை விபத்துகளை ஆராய்ந்த லா ஃபான்டைன் குழு 1982-ல் சொன்னது. ஹாக் பயிற்சி விமானம் விமானப்படையில் சேர்ந்தது 2008-ல். 2012-ல் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு இது: அதுவரை வாங்கிய 872 மிக் விமானங்களில் 482 விபத்தில் போயின, 171 விமானிகள் இறந்தார்கள், கூடவே 39 பொதுமக்கள். அது எல்லா வகை மிக் விமானங்களுக்கும் சேர்த்த கணக்குதான், ஆனாலும் நினைத்துப் பாருங்கள். பெட்டிமேல் படத்தை மட்டும் பார்ப்பவனுக்கு இது எதுவும் வராது. அந்தப் பெரிஸ்கோப்பை இடுக்கியால் பிடித்து ஒட்டுகிறவன், இது எதற்கு இங்கே என்று கேட்பான், கேட்டால் தேடுவான்.

அப்புறம், கட்ட ஆரம்பிக்கும் முன்பே முடிவு செய்ய வேண்டிய ஒன்று உண்டு. பொதுவாக ஒரு மிக் 21 என்று கட்டவே முடியாது. எந்த வகை, எந்த ஸ்குவாட்ரன் (விமானப்படைப் பிரிவு), எந்த வருடம் என்று தெரிந்தால்தான் பெயின்ட் டப்பாவைத் திறக்கலாம். 1963-ல் சண்டிகரில் வந்து இறங்கியது முதல் 2025 செப்டம்பர் 26-ல் அதே சண்டிகரில் விடைபெற்றது வரை, நம் விமானப்படை ஓட்டிய மிக் 21கள் ஒன்று போல இன்னொன்று இல்லை. எஃப்எல் வகைக்கு முதுகு ஒல்லி, உடம்புக்குள் பீரங்கியே கிடையாது. பின்னால் வந்த பிஸ் வகைக்கு முதுகு பருமன், பீரங்கி வயிற்றுக்குள்ளேயே இருக்கும். ஆரம்ப வகைகளில் காக்பிட் கண்ணாடி மொத்தமாக முன்பக்கக் கீலில் மேலே தூக்கும், பிந்தைய வகைகளில் பக்கவாட்டில் திறக்கும். நம்மூர்ப் பிள்ளைகள் எல்லோரும் கேட்பது அபிநந்தன் ஓட்டியதைத்தான். ஐயாவின் பேரனும் அதற்காகத்தான் ஆசைப்பட்டிருப்பான் என்று நினைக்கிறேன். 2019 பிப்ரவரி 27-ல் அவர் ஓட்டியது பைசன், அதாவது பிஸ் வகையை மேம்படுத்தியது. அதன் முன்கண்ணாடியில் சட்டமே இருக்காது. சாதாரண பிஸ் கிட்டை வாங்கி அப்படியே ஒட்டிவிட்டு இதுதான் அபிநந்தன் விமானம் என்று சொன்னால், மாடல் கட்டும் எங்கள் ஆட்கள் முதலில் பார்ப்பது அந்தக் கண்ணாடியைத்தான்!

யுத்த வெறி பற்றிய பேச்சுக்கு இப்போது வருகிறேன். இறக்கைக்குக் கீழே எதைத் தொங்கவிடுவது என்கிற கட்டத்தில்தான் அது உண்மையில் எழுகிறது. 1971 போரில் பறந்த எஃப்எல் வகையைக் கட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 57 மில்லிமீட்டர் ராக்கெட் கூடுகளை மாட்டினால் நீங்கள் கட்டுவது டிசம்பர் 14 அன்று டாக்கா கவர்னர் மாளிகையைத் தாக்கிய 28வது ஸ்குவாட்ரன் விமானமாக இருக்கலாம். அந்தத் தாக்குதலின்போது கட்டடத்துக்குள்ளே இருந்த கிழக்குப் பாகிஸ்தான் கவர்னர் மாலிக் அன்றே பதவி விலகினார். இரண்டு நாளில் அங்கிருந்த பாகிஸ்தான் படை சரணாகதி. வயிற்றுக்குக் கீழே பீரங்கிக் கூட்டை மாட்டினால் அது டிசம்பர் 12-ல் கட்ச் வளைகுடாவுக்கு மேலே பாரத் பூஷண் சோனி ஓட்டிய விமானமாக இருக்கலாம். அன்று அவர் சுட்டு வீழ்த்திய எஃப் 104 ஸ்டார்ஃபைட்டர் விமானத்தை ஓட்டியவர் மெர்வின் மிடில்கோட் என்கிற பாகிஸ்தான் விமானி. கடலுக்கு மேலே குதித்தார், திரும்பக் கிடைக்கவே இல்லை. அரை விரல் நீளம் இல்லாத ஒரு பிளாஸ்டிக் கூட்டை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே ஒருவன் இதையெல்லாம் படிக்கிறான் என்றால் அவனுக்கு வெறி ஏறும் என்று எனக்குத் தோன்றவில்லை. எதிர்த் தரப்பில் இறந்த விமானியின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும், சொல்லுங்கள். எங்கள் ஆட்களுக்குத் தெரியும், ஏனென்றால் அந்த ஸ்டார்ஃபைட்டரையும் நாங்கள்தான் கட்டுகிறோம்.

அதே டிசம்பர் 14-ல் ஸ்ரீநகரில் நாட் என்கிற குட்டி விமானத்தில் ஏறிப் போய்த் தனியாகச் சண்டையிட்டு இறந்தவர் நிர்மல்ஜித் சிங் சேகான். நம் விமானப்படைக்கு இன்றுவரை கிடைத்த ஒரே பரம் வீர் சக்ரா அவருடையது. அவருடைய 18வது ஸ்குவாட்ரன் 2020-ல் கோயம்புத்தூர் பக்கம் சூலூரில் தேஜஸ் விமானங்களோடு மறுபடி தொடங்கியது. ஆனால் கடையில் சுலபமாகக் கிடைக்கும் ஏர்ஃபிக்ஸ் நாட், பிரிட்டனின் ரெட் ஆரோஸ் சாகசக் குழு ஓட்டிய இரட்டை இருக்கைப் பயிற்சி வகை. சேகான் ஓட்டியதோ ஒற்றை இருக்கை, நீளமும் குறைவு, இறக்கையும் வேறு. அதை வெட்டிக் குறைத்து இதுவாக மாற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை. இதைச் சொல்லக் காரணம், நம்மைப் பற்றிய கிட்டுகளை நாமே செய்வதில்லை என்பதுதான். 1950களிலிருந்து எத்தனையோ வகை ஜெட்களை இந்தியா ஓட்டியிருக்கிறது, பெங்களூரிலும் நாசிக்கிலும் நூற்றுக்கணக்கில் கட்டியும் இருக்கிறோம். அவற்றின் மாடலுக்கு மட்டும் செக் நாட்டையும் ஜப்பானையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். ஐயா கோபப்பட வேண்டுமென்றால் இதற்குப் படலாம்.

காசு விஷயத்தில் அவர் சொல்வதை நான் மறுக்கவில்லை. இறக்குமதி, சுங்கம், கூரியர் எல்லாம் சேர்ந்து ஒரு நல்ல 1:48 கிட் நம் கைக்கு வரும்போது ஆயிரக்கணக்கில் ஆகிவிடுகிறது, அதற்கு மேல் பெயின்டும் ஏர்பிரஷ்ஷும் என்று போனால் கணக்கு எங்கேயோ நிற்கும். ஆனால் பேரனுக்கு ஏர்பிரஷ் தேவையே இல்லை. நல்ல பிரஷ் ஒன்று, அக்ரிலிக் பெயின்ட், பாகங்களைச் சட்டத்திலிருந்து வெட்ட ஒரு நிப்பர், 400-லிருந்து 1000 நம்பர் வரை சில உப்புத்தாள்கள், மாஸ்கிங் டேப், அவ்வளவு போதும். நேரம் வீண் என்பதைத்தான் ஒத்துக்கொள்ள முடியாது. மிக் 21-இன் உடம்பு ஒரு குழாய். அது இடது வலது என்று இரண்டு பாதியாக வரும், சேர்த்து ஒட்டினால் தலையிலிருந்து வால் வரை மேலேயும் கீழேயும் ஒரு கோடு ஓடும். அந்தக் கோடு கண்ணுக்கும் விரலுக்கும் மறையும் வரை பட்டி பார்த்து, காயவிட்டு, தேய்த்து, ப்ரைமர் அடித்து, மறுபடி தெரிந்தால் மறுபடி பட்டி பார்த்து... ஒரு பதிமூன்று வயதுப் பையன் போனைத் தொடாமல் ஒரு மாலை முழுக்க இதைச் செய்கிறான் என்றால் அதை வீண் என்று ஒரு தலைமையாசிரியர் எழுதலாமா? வெள்ளி நிற உலோகப் பளபளப்பு வேண்டும் என்று ஆசைப்பட்டால் இன்னும் மோசம், ஒரு தலைமுடி அளவு கீறலைக்கூட அந்தப் பெயின்ட் ஊருக்கே காட்டிக்கொடுத்துவிடும். முதல் மாடலுக்குச் சாம்பல் நிறமே நல்லது.

ஐயாவிடம் ஒரு வேண்டுகோள். பெட்டியைப் பிடுங்கி அலமாரி மேல் வைத்துவிடாதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். கத்தி கூர்மையானது, அதை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். பசை பிளாஸ்டிக்கைக் கரைத்துச் சேர்க்கிற ரசாயனம், நெடி அடிக்கும், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யட்டும். தேய்க்கும்போது முகக்கவசம், இல்லாவிட்டால் ஈர உப்புத்தாள். உடம்பை மூடுவதற்கு முன் மூக்குக்குள் கொஞ்சம் எடை வைக்க வேண்டுமா என்று குறிப்புப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், இந்த மாதிரி மூன்று சக்கர ஜெட்கள் பல வால் கனத்தில் பின்னால் உட்கார்ந்துவிடும். தூண்டிலுக்குப் போடும் ஈயக் குண்டு சரியாக இருக்கும், ஈயம் தொட்டால் கை கழுவச் சொல்லுங்கள். டெக்காலை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துவிட்டுத் தானாக நகரும் வரை பொறுக்க வேண்டும், பேரன் அவசரப்படுவான். நம் விமானப்படை வட்டத்தில் காவி வெளியே, பச்சை நடுவில். கடைசியாகக் காக்பிட் கண்ணாடி. அதற்கு மட்டும் சூப்பர் க்ளூ வேண்டவே வேண்டாம், அதன் ஆவி பட்டு உள்பக்கம் வெள்ளையாகப் படிந்துவிடும், துடைக்கவும் முடியாது. வீட்டில் இருக்கும் ஃபெவிக்காலே போதும், இரவு ஒட்டிவிட்டுக் காலை வரை தொடாமல் விடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மாடல் கட்டும் வாசகர் ஒருவர்,
திருச்சி.