சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தால் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு, ஸ்தோத்திரம்.

சபைக்குள் உலகம் புகுந்துவிட்டது என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. வாலிபர்களின் கைப்பேசி, ஜீன்ஸ், ஆராதனையில் டிரம்ஸ் என்று அதில் நிறைய குறைகள் சொல்லப்பட்டிருந்தன. எழுதியவரின் கவலை உண்மையானதுதான். ஆனால் ஒரு பேராயரின் கீழுள்ள சபைகளெல்லாம் சேர்ந்த திருமண்டலத்தின் தேர்தலைப் பற்றி ஒரு வரிகூட அதில் இல்லை. பெரியவர்கள் செய்யும் உலக காரியம் என்பதால் விட்டுவிட்டார் போலும்.

தென்மாவட்டத் தென்னிந்தியத் திருச்சபைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திருமண்டலத்தின் பொதுச் சபையான பெருமன்றத்துக்குத் தேர்தல் நெருங்கினால் அணி பிரிந்துவிடும். எந்தச் சேகரத்தில் (ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபைகள்) எந்தச் சாதிக்கு எத்தனை ஓட்டு என்பதை விரல் நுனியில் வைத்திருப்பார்கள். பிரியாணி, பணக் கவர், போஸ்டர், வேன் எல்லாம் உண்டு. ஜெயித்தவர்களை எதிர் அணி இழுத்துவிடாதபடி எங்கேயாவது விடுதியில் தங்கவைப்பதும் உண்டு. போலீஸ் பந்தோபஸ்தோடு ஓட்டுப்பதிவு, அப்புறம் வழக்கு. ஓய்வுபெற்ற நீதிபதிகளை உயர் நீதிமன்றமே நிர்வாகிகளாக நியமிக்கும் நிலைக்கு வந்தாயிற்று. சபையாருக்குள் வழக்கு வந்தால் அதை அநீதக்காரரிடத்தில் கொண்டுபோகத் துணிவதென்ன என்று பவுல் கொரிந்தியரைக் கேட்ட பகுதியை (1 கொரி. 6) நம் ஆலயங்களில் எந்த முகத்தோடு வாசிக்கிறோமோ தெரியவில்லை.

இவ்வளவும் ஊழியம் செய்யும் ஆசையால் நடக்கிறது என்று யாரும் நம்புவதில்லை. மிஷனரிகள் தொடங்கிய பள்ளிகள் இன்று அரசு உதவி பெறும் பள்ளிகள். சம்பளம் கொடுப்பது அரசு, ஆளை நியமிப்பது நிர்வாகம். ஆக, தாளாளர் பொறுப்பிலும் நிலைக்குழுக்களிலும் யார் உட்காருகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஓர் ஆசிரியர் பணிக்கு என்ன 'ரேட்' என்பது டீக்கடைப் பேச்சாகிவிட்டது. அந்தப் பேச்சு பொய்யாக இருந்தால் சந்தோஷம். ஆனால் இத்தனை செலவு செய்து ஒருவர் சம்பளமில்லாத பதவிக்கு ஏன் வர வேண்டும்?

பழைய காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று உத்தரவிட்டபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் எத்தனையோ பேர் அதை ஏற்க மறுத்தார்கள். ஆனால் அதே திருச்சபைதான் 1903-இல் வெளிநாட்டுப் பணத்தை எதிர்பாராமல் இந்திய மிஷனரி சங்கத்தைத் திருநெல்வேலியில் தொடங்கியது. அதில் முன்னின்ற வெள்ளாளன்விளை அசரியா 1912-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். சோற்றுக்கு எடுத்த அரிசியில் ஒரு பிடியை ஊழியத்துக்கென்று கலயத்தில் போட்ட பெண்களின் பணம் நம் ஊர்களில் ஓடியிருக்கிறது. அந்தக் காணிக்கையின் வாரிசாக இருப்பதைத்தான் இன்று ஏலம் போடுகிறோம்.

புலம்பலோடு நிறுத்தாமல் ஒரு யோசனை சொல்கிறேன். சீட்டுப் போடுவோம். யூதாஸின் இடத்துக்கு ஆள் எடுத்தபோது அப்போஸ்தலர் இரண்டு பேரை நிறுத்தி, ஜெபித்து, சீட்டுப் போட்டார்கள்; மத்தியாவின் பேரில் விழுந்தது. எகிப்தின் காப்டிக் திருச்சபை 2012-இல் தன் தலைவரை இப்படித்தான் எடுத்தது. ஓட்டில் முந்திய மூன்று பேரின் பெயரைப் பாத்திரத்தில் போட்டு, கண்ணைக் கட்டிய சிறுவன் ஒருவனை எடுக்கச் சொன்னார்கள். நமக்கும் இது புதிதல்ல. உத்திரமேரூர்க் கல்வெட்டின் குடவோலை முறையிலும் ஓலையை எடுத்தது ஒரு சிறுவன்தான். வாரியத்தில் (ஊர் வேலைகளைக் கவனிக்கும் குழுவில்) இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரின் பெயரைக் குடத்திலேயே போடக்கூடாது, அவருடைய உறவினர் பெயரையும் போடக்கூடாது என்பது சோழர் காலத்து விதி. அது நிலமுள்ள பிராமணர்களின் சபை என்பதை மறக்கவில்லை, அந்தப் பகுதி நமக்கு வேண்டாம். கணக்குக் காட்டாதவரை ஒதுக்கும் பகுதி மட்டும் போதும்.

'ஜனநாயகம் என்ன ஆகும்?' என்று கேட்பார்கள். ஓட்டு இருக்கட்டும். ஒவ்வொரு பொறுப்புக்கும் ஓட்டில் முந்திய ஐந்து பேரைப் பிரித்துவிட்டு, கடைசி முடிவைச் சீட்டுக்கு விடுவோம். செலவழித்தவருக்கும் செலவழிக்காதவருக்கும் ஒரே வாய்ப்பு என்றால் யார் பணத்தை முதலாகப் போடுவார்கள்? ஐந்து இடத்தையும் ஒரே அணி பிடித்துவிடுமே என்பது நியாயமான சந்தேகம். ஒரு ஓட்டருக்கு ஒரு பெயர்தான் என்று வைத்தால் அதை ஓரளவு தடுக்கலாம். தகுதியில்லாதவர் பேரில் சீட்டு விழுந்தால்? இப்போது வருகிறவர்களெல்லாம் தகுதி பார்த்தா வருகிறார்கள்!

எங்கள் சேகரக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, திருமண்டலச் சட்ட விதிகளில் இதற்கு இடமில்லை என்று குருவானவர் சொன்னார். சரி, விதியைத் திருத்தும் அதிகாரம் பெருமன்றத்துக்கு இருக்கிறது. சேகரங்களிலிருந்து தீர்மானம் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். மற்றச் சேகரத்தார் என்ன நினைக்கிறார்கள் என்பதைத் தங்கள் பத்திரிகை கேட்டு வெளியிட்டால் உதவியாக இருக்கும். முடிந்தால் தேர்தலுக்கு முந்தைய இதழிலேயே.

இப்படிக்கு,
தென்மாவட்டச் சபை உறுப்பினர் ஒருவர்