தள்ளிப்போச்சுன்னா அது தோல்வி இல்லீங்க

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

விண்வெளி செய்தின்னா ஒரு வரி விடாம படிக்கிற ஆளு நான். நம்ம நாட்டு ராக்கெட்லயே நம்ம ஆளுங்கள விண்வெளிக்கு அனுப்புற ககன்யான் திட்டம் பத்தி வர்ற செய்திகள்ல ஒரு விஷயம் ரொம்ப நாளா உறுத்திக்கிட்டே இருக்கு, அதான் இந்த கடிதம். தேதி மாறினா போதும், "மீண்டும் தாமதம்", "ஏமாற்றம்", "பின்னடைவு" இந்த மூணு வார்த்தைல ஒண்ணு தலைப்புல வந்துடுது. நம்ம பத்திரிகைகள் மட்டும் இல்ல, டிவியிலயும் இதே கதைதான். 2018 சுதந்திர தின உரையில 2022-க்குள்ள நம்ம ஆளுங்க விண்வெளிக்கு போவாங்கன்னு சொன்னாங்க, அது நடக்கல, உண்மைதான். ஆனா ஏன் நடக்கலன்னு விவரமா எழுதுறத விட்டுட்டு பரீட்சையில ஃபெயில் ஆன பிள்ளைய திட்டுற மாதிரி எழுதினா எப்படிங்க?

எனக்கு இது ஏன் இவ்வளவு வலிக்குதுன்னா, 2003 பிப்ரவரி 1, சனிக்கிழமை. நான் அப்ப பிளஸ் டூ. கல்பனா சாவ்லா போட்டோவ பேப்பர்ல இருந்து வெட்டி பிசிக்ஸ் நோட்டு அட்டையில ஒட்டி வச்சிருந்தேன். அவங்க போயிருந்த கொலம்பியா விண்கலம் தரையிறங்க வேண்டியது நம்ம நேரப்படி ராத்திரி 7.46-க்கு. பத்திரமா இறங்கிட்டாங்கன்னு நியூஸ் வரும், பாத்துட்டு போய் படிக்கலாம்னு உக்காந்திருந்தேன், வந்தது டெக்சாஸ் வானத்துல வெள்ளை கோடு ஒண்ணு ரெண்டாகி மூணாகி சிதறிக்கிட்டே போற காட்சி. இறங்க கால் மணி நேரம்தான் பாக்கி இருந்துச்சு. ஏழு பேர். அன்னைக்கு வீட்டுல யாரும் எதுவும் பேசல.

அப்புறம் வருஷக்கணக்கா அத பத்தி கிடைச்சதெல்லாம் படிச்சேன். ஜனவரி 16 கிளம்பினப்பவே, 82-வது செகண்ட்ல, பெரிய எரிபொருள் டேங்க் மேல போர்த்தியிருக்கிற ஃபோம் உறையில இருந்து ஒரு துண்டு பேந்து வந்து இடது இறக்கையோட முன் விளிம்புல அடிச்சிருக்கு. முக்கால் கிலோ எடைதான், ஆனா அடிச்ச வேகம் மணிக்கு சுமார் 800 கிலோமீட்டர். அடுத்த நாளே வீடியோவ பாத்த இன்ஜினியர்களுக்கு சந்தேகம் வந்து, சாட்டிலைட்டையோ ராணுவத்து கேமராவையோ வச்சு அந்த இறக்கைய ஒரு படம் எடுத்து குடுங்கன்னு கேட்டாங்க. ஒரு தடவை இல்ல, வேற வேற வழியில மூணு தடவை. எடுக்கல. ஃபோம் பேந்து விழுறது ஒண்ணும் புதுசு இல்லையேன்னு நாசா மேலதிகாரிங்க நெனச்சுட்டாங்க. 2002 அக்டோபர்லயும் இதே மாதிரி அதே இடத்துல இருந்து ஒரு துண்டு விழுந்திருக்கு, அப்பவும் அடுத்த பயணத்த நிறுத்தல. கல்பனா குழுவோட தலைவருக்கும் பைலட்டுக்கும் ஜனவரி 23 அன்னைக்கு கீழ இருந்து ஒரு ஈமெயில் போச்சு, ஏதோ அடிச்சிருக்கு, ஆனா திரும்பி வர்றதுல கவலைப்பட ஒண்ணுமில்லன்னு. அந்த ஒரு தகவல படிச்ச ராத்திரி எனக்கு தூக்கம் வரல.

ஏன் அப்படி ஒரு அவசரம்னா, ஸ்பேஸ் ஸ்டேஷனோட ஒரு முக்கிய கட்டத்த 2004 பிப்ரவரி 19-க்குள்ள முடிக்கணும்னு நாசாவுல தேதி குறிச்சிருந்தாங்க. இன்னும் எத்தனை நாள் எத்தனை மணி நேரம்னு கவுண்ட்டவுன் ஓடுற ஸ்கிரீன்சேவரையே மேனேஜர்களுக்கு அனுப்பி வச்சிருக்காங்கன்னு விசாரணை அறிக்கையில இருக்கு. ஃபோம் எவ்வளவு காரணமோ அந்த அமைப்போட பழக்கவழக்கமும் அவ்வளவு காரணம்னு அதே அறிக்கை சொல்லுது.

அதுக்கு முன்னாடி போன சேலஞ்சர் விண்கலத்தோட கதை இன்னும் கொடுமை. அதுல பத்திரிகைக்காரங்க பங்கும் கொஞ்சம் இருக்கு, கோவிச்சுக்காதீங்க. 1986 ஜனவரி கடைசியில அந்த பயணம் பல தடவை தள்ளிப்போச்சு. 27-ஆம் தேதி கதவு கைப்பிடியில ஒரு போல்ட் கழலாம அடம் பிடிச்சு, அத சரி பண்றதுக்குள்ள காத்து பலமாகி அன்னைக்கு ஏவுறதே நின்னு போச்சு. அன்னைக்கு சாயங்காலம் அமெரிக்க டிவி நியூஸ்ல இத பெரிய தலைகுனிவு மாதிரி பேசினாங்க. அதே ராத்திரிதான், விண்கலத்த மேல தள்ளுற பூஸ்டர் ராக்கெட்ட செஞ்ச கம்பெனி இன்ஜினியர்கள் ரோஜர் பாய்ஜோலி, ஆலன் மெக்டொனால்ட் இவங்கல்லாம், இந்த குளிர்ல பூஸ்டர் இணைப்புகள அடைக்கிற ஓ-ரிங்ங்கிற ரப்பர் வளையம் விறைச்சுடும், 12 டிகிரிக்கு கீழ போனா ஏவாதீங்கன்னு போன்ல மன்றாடினாங்க. முதல்ல கம்பெனியும் அவங்க பக்கம்தான் நின்னுச்சு, நாசா அதிகாரிகள் கேள்வி மேல கேள்வி கேக்கவும் மாத்தி பேசிடுச்சு. மெக்டொனால்ட் மட்டும் கையெழுத்து போட முடியாதுன்னு சொல்லிட்டாரு. மறுநாள் காலைல ஏவும்போது 2 டிகிரி. 73 செகண்ட்ல வானத்துலயே சிதறி எல்லாம் முடிஞ்சு போச்சு. பாடம் நடத்த போன டீச்சர் கிறிஸ்டா மெக்காலிஃப் அதுல இருந்ததால அமெரிக்காவுல எத்தனையோ பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க நேரடியா பாத்துக்கிட்டு இருந்தாங்க.

முந்தின நாள் நியூஸ்ல அப்படி பேசினதாலதான் ஏவினாங்கன்னு நான் சொல்ல வரல. ஆனா "வேணாம், நிறுத்துங்க"ன்னு சொல்ற ஒருத்தருக்கு வெளியில இருந்து எந்த ஆதரவும் இல்ல, பாருங்க.

2024-ல சுனிதா வில்லியம்ஸ் விஷயத்தையே எடுத்துக்குங்க. எட்டு நாளுக்குன்னு போனவங்க 286 நாள் இருந்தாங்க. "சிக்கித் தவிக்கிறார்"னு தினமும் படிச்சோம். அவங்க போன ஸ்டார்லைனர் விண்கலத்துல ஹீலியம் லீக், திசை திருப்புற சின்ன இன்ஜின்கள்ல (த்ரஸ்டர்) கோளாறு, அதனால அதுல ஆள ஏத்த வேணாம், காலியா வரட்டும்னு ஆகஸ்ட் 24 அன்னைக்கு நாசா முடிவெடுத்துச்சு. செப்டம்பர்ல அது காலியா பத்திரமா இறங்கிடுச்சு. உடனே பல பேரு, அப்போ அதுலயே வந்திருக்கலாமேன்னாங்க. ஜாக்கிரதையா எடுத்த முடிவுக்கு இதுதான் சாபம். நடக்காத விபத்துக்கு போட்டோ கிடையாது, அதனால தலைப்பும் கிடையாது. என்னைக் கேட்டா அந்த வருஷத்தோட பெரிய விண்வெளி செய்தி அந்த ஆகஸ்ட் 24 முடிவுதான்.

நம்ம ஆளுங்களும் இதுல சளைச்சவங்க இல்ல. 2019 ஜூலை 15, சந்திரயான்-2, ஏவ 56 நிமிஷம் 24 செகண்ட் இருக்கும்போது நிறுத்தினாங்க, நாடே முழிச்சு பாத்துக்கிட்டு இருந்த ராத்திரி அது. ஒரே வாரத்துல சரி பண்ணி 22-ஆம் தேதி ஏவிட்டாங்க. 2023 அக்டோபர் 21, ககன்யான் சோதனை ராக்கெட் 5 செகண்ட் இருக்கும்போது நின்னுச்சு, என்னன்னு பாத்து சரி பண்ணி அதே காலைல 10 மணிக்கு விட்டாங்க. 2025 ஜூன்ல நம்ம வீரர் சுபான்ஷு சுக்லா போன அமெரிக்க ராக்கெட்ல ஆக்சிஜன் லீக் தெரிஞ்சப்ப, அத முழுசா சரி பண்ணி டெஸ்ட் பண்ணிட்டு ஏவுங்கன்னு இஸ்ரோ குழு சொல்லுச்சு. தேதி மாறி மாறி கடைசியில ஜூன் 25 கிளம்பி ஜூலை 15 பத்திரமா திரும்பி வந்தாரு. ஆனா அந்த ரெண்டு வாரமும் நம்ம தலைப்புகள்ல என்ன இருந்துச்சு? அதே "மீண்டும் ஒத்திவைப்பு"தான்.

அதனால ஒரு வேண்டுகோள் ஐயா. ககன்யான்ல நம்ம வீரர்கள் ஏறி உக்காந்த பிறகு கவுண்ட்டவுன் நிக்கலாம், ஒரு தடவை இல்ல, நாலு தடவைகூட நிக்கலாம். அன்னைக்கு எந்த பாகத்துல என்ன கோளாறு, அத எப்படி கண்டுபிடிச்சாங்க, எப்படி சரி பண்ணப் போறாங்கன்னு படம் போட்டு முதல் பக்கத்துலயே எழுதுங்க. "ஏமாற்றம்"ங்கிற வார்த்தைய மட்டும் போடாதீங்க. அந்த பேப்பர நான் வெட்டி எடுத்து வச்சுக்குவேன், கல்பனா போட்டோ இருக்கிற அதே நோட்டுல.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி