எல் மைத்தேன் பட்டறை

அன்புள்ள சண்முகம்,

முழங்கால் எப்படி இருக்கிறது? மருமகள் படி ஏறாதே என்றால் கேளேன், வீம்பு எதற்கு. நான் சௌக்கியம். அர்ஜென்டினாவில், ப்யூனஸ் ஐரிஸில் இருக்கும் மகன் லீவு போட்டு என்னைத் தெற்கே படகோனியாவுக்கு அழைத்துப் போனான். அவன் ஏரியும் பனிமலையும் காட்டினான். நான் அடம்பிடித்துப் பார்த்தது எல் மைத்தேன் என்ற சின்ன ஊரை. இங்கே யாரிடம் சொன்னாலும் கொட்டாவி விடுகிறார்கள், அதனால் ரயில்வே பட்டறைக்காரனான உனக்கு எழுதுகிறேன்.

சுபூத் ஆறு ஆண்டிஸ் மலையில் இறங்கி, வறண்ட மேட்டுநிலம் முழுக்கக் கடந்து அட்லாண்டிக்கில் விழுகிறது. ஊர் அந்த ஆற்றின் மேல்பகுதியில், கரையோரம். ஆற்றோரம் மட்டும் மரம். கொஞ்சம் விலகினால் முள்புதர், செம்மறி, காற்று. நம் ஆடிக்காற்றெல்லாம் இதன் முன்னால் கைவிசிறி. என் தொப்பி முதல் நாளே போய்விட்டது.

இங்கே ஓடும் ரயிலின் பெயர் 'லா த்ரோச்சிதா'. குட்டிக் கேஜ் என்று வைத்துக்கொள்ளேன். தண்டவாளத்துக்கு நடுவே வெறும் 75 சென்டிமீட்டர்! மீட்டர்கேஜையே பொம்மை வண்டி என்று கேலி செய்தவன் நீ. இன்ஜெனியரோ யாக்கோபாச்சியிலிருந்து எஸ்கேல் வரை 402 கிலோமீட்டர். 1922இல் எஞ்சின் வாங்கினார்கள், எஸ்கேலுக்கு வண்டி போய்ச் சேர்ந்தது 1945இல். நம் ஊர் மேம்பாலத்தைத் திட்டினாயே, இனி திட்டாதே. 1993இல் நஷ்டம் என்று மத்திய அரசு கைகழுவ, மாகாணங்கள் எடுத்துக்கொண்டன. இப்போது சுற்றுலாக்காரர்களுக்காகக் கொஞ்ச தூரம்தான் ஓடுகிறது. பெட்டிக்குள் இரும்பு அடுப்பு. அதைச் சுற்றி உட்கார்ந்து மாத்தே என்ற இலைக் கஷாயத்தைக் குழல் வைத்து உறிஞ்சுகிறார்கள். எனக்குக் கசந்தது.

விஷயம் இந்த ரயிலின் பட்டறையில் இருக்கிறது. ஊரே அதைச் சுற்றித்தான் முளைத்ததாம். ஜெர்மனியின் ஹென்ஷல், அமெரிக்காவின் பால்ட்வின் கம்பெனிகள் செய்த, எண்ணெய் எரிக்கும் நீராவி எஞ்சின்கள். உதிரிபாகம் எந்தக் கடையிலும் கிடையாது, தேய்ந்தால் இங்கேயே செய்துகொள்ள வேண்டியதுதான். உள்ளே நுழைந்ததும் அந்த வாசனை, சண்முகம். கட்டிங் ஆயில், சூடான இரும்பு, கைதுடைக்கும் பழந்துணி. நாற்பது வருஷம் உன் சட்டையில் வந்த அதே வாசனை. ஒரு லேத்தில் வயதானவர் ஒரு இரும்பு பின்னைக் கடைந்துகொண்டிருந்தார். அளவுமானியை வைத்துப் பார்த்தார், தலையாட்டினார், மயிரிழை எடுத்தார், மறுபடி பார்த்தார். நான் பக்கத்தில் நின்றதையே கவனிக்கவில்லை. நீயும் அப்படித்தான், சாப்பாட்டு மணி அடித்தால்கூடக் காதில் விழாது.

பழைய எஞ்சினைக் காட்சிக்கு வைத்துவிட்டுப் புதிய வேலையைப் பார்க்க வேண்டும் என்று நீ வாதாடுவாய். நானும் ஒத்துக்கொண்டிருந்தேன். இங்கே வந்த பிறகு அவ்வளவு உறுதியாகச் சொல்ல வரவில்லை. எஞ்சினைக் கண்ணாடிக்குள் வைக்கலாம். அந்தக் கையை எங்கே வைப்பது?

மகன் மொழிபெயர்க்க, என் நண்பனும் ரயில்வே பட்டறைக்காரன்தான் என்றேன். பெரியவர் உடனே லேத்தை நிறுத்திவிட்டார். அச்சைத் தாங்கும் பேரிங்குக்கு உள்ளே ஒயிட் மெட்டல் என்ற மெதுவான உலோகக் கலவையை உருக்கி ஊற்றுவதற்கு முன்னால், அதன் பித்தளைக் கூட்டை நீங்கள் எவ்வளவு சூடாக்குவீர்கள், எப்படிச் சரிபார்ப்பீர்கள் என்று கேட்டார். நான் திருதிருவென்று விழித்தேன். நண்பனைக் கேட்டு எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

விவரமாக எழுது. படம் போட்டுக் காட்டினால் இன்னும் நல்லது, ஸ்பானிஷில் மாற்றுவது மகன் பாடு.

உன்,
முருகேசன்