கை வலிக்குக் காரணம் கேட்டியே

லெஸ்டர், இங்கிலாந்து
ஞாயித்துக்கிழமை ராத்திரி

அம்மா,

நேத்து வீடியோவுல பேசறப்போ ஏன்டீ கையத் தூக்கித் தலை பின்ன மாட்டேங்கறன்னு நீ கேட்ட, நான் வாயத் தொறக்கறதுக்குள்ள லைன் கட்டாயிடுச்சு. திரும்பக் கூப்பிட்டா அப்பா எடுத்தாரு. அவர்கிட்ட சொல்ற விஷயம் இல்ல இது, ஏன்னு படிச்சா உனக்கே புரியும், அதான் உக்காந்து டைப் பண்றேன். தம்பியப் படிச்சுக் காட்டச் சொல்லாத, கண்ணாடியப் போட்டுக்கிட்டு நீயே படி.

ரெண்டு கையிலயும் ஊசி போட்டிருக்கேன். பதறாத, உடம்புக்கு ஒண்ணும் இல்ல. ஆபீஸ் வேலையா 2 வாரம் உகாண்டா போறேன்னு சொன்னேன்ல, கம்பாலாவுல வேலை முடிச்சு அங்கேருந்து துபாய் வழியா நேரா சென்னை, தம்பி கல்யாணத்துக்கு 4 நாள் முன்னாடியே வீட்டுல இருப்பேன். அந்த நாட்டுக்குள்ள நுழையணும்னாலே மஞ்சக் காய்ச்சல் ஊசி போட்ட கார்டு காட்டணுமாம். மஞ்சக்காமாலை இல்லம்மா, கீழாநெல்லி பறிக்க ஆள் அனுப்பிடாத, இது வேற, கொசு கடிச்சு வர்றது.

இதுல கூத்து என்னன்னா அவங்களை விட நம்ம ஊர்க்காரங்கதான் கறார். உகாண்டாலேருந்து வர்றவங்க கையில அந்தக் கார்டு இல்லன்னா ஏர்போர்ட்லயே புடிச்சு 6 நாள் வரைக்கும் தனியா வெச்சுடுவாங்க. 6 நாள்னா கணக்குப் போட்டுப் பாரு, தம்பி தாலி கட்டி மறுவீடு கிளம்பறப்போ நான் மீனம்பாக்கத்துல உக்காந்து ஜன்னல் வழியா பிளேன் எண்ணிக்கிட்டு இருப்பேன். மொதல்ல எனக்குக் கோவம் வந்துச்சு, நம்ம சொந்த ஊருக்கு வர்றதுக்கு இவ்ளோ கெடுபிடியான்னு. அப்புறம் யோசிச்சா நியாயம்தான். டெங்குவப் பரப்பறதும் மஞ்சக் காய்ச்சலைப் பரப்பறதும் ஒரே கொசு, ஏடிஸ், பகல்ல கடிக்குமே அதுதான். நம்ம மாடில பூந்தொட்டித் தட்டுலயும் கொல்லைல கெடக்கற பழைய டயர்லயும் முட்டை போட்டுக் குஞ்சு பொரிக்கிதுன்னு முனிசிபாலிட்டி ஆளுங்க வந்து சத்தம் போட்டுட்டுப் போவாங்களே. கொசு நம்மகிட்ட ஏற்கனவே ரெடியா இருக்கு, கிருமி மட்டும்தான் இன்னும் வரல. ஒரே ஒரு ஆள் ரத்தத்துல கொண்டு வந்து எறக்கிட்டா போச்சு, நிலவேம்புக் கஷாயம் வெச்செல்லாம் சமாளிக்க முடியாது.

சரி, ஊசிக்கு வர்றேன். எங்க ஏரியா டாக்டர் கிளினிக்குக்கு காலைல 8 மணிக்கு போன் போட்டு, க்யூவுல 23வது ஆளா நின்னு, கடைசில போன் எடுத்த பொண்ணு, டிராவல் நர்ஸ் அடுத்த மாசம்தான் ஃப்ரீங்கறா. நான் கிளம்பறதே 13 நாள்ல. இந்த ஊசி போட்டு 10 நாள் ஆனாதான் கார்டு செல்லும், அதுக்குள்ள போனா போடாத மாதிரிதான். எனக்கு வயித்தக் கலக்கிடுச்சு. அப்புறம் ஆபீஸ்ல ஒரு பொண்ணு சொன்னா, பெல்கிரேவ் ரோட்ல மருந்துக்கடைலயே போடறாங்க போய்ப் பாருன்னு.

இங்க இது ஒரு வேடிக்கைம்மா. நம்ம தெரு மெடிக்கல்ல காய்ச்சல்னு சொன்னா ரெண்டு வேளைக்கு நாலு மாத்திரைய கத்திரிச்சு கவர்ல போட்டுக் குடுத்துடுவாரு, ஊசின்னா மட்டும் டாக்டர்கிட்ட போம்மாம்பாரு. இங்க தலைகீழ். டாக்டர் சீட்டு இல்லாம கேட்ட ஆண்டிபயாடிக்கை எல்லாம் தூக்கிக் குடுத்துட மாட்டாங்க, ஆனா ஊசிய கடைலயே போட்டு விட்டுடறாங்க. முன்பக்கம் ஷாம்பு, ரீடிங் கிளாஸ், இருமல் மருந்து எல்லாம் அடுக்கிருக்கு, அதைத் தாண்டிப் போனா நம்ம பூஜை ரூம் சைஸ்ல ஒரு அறை, ஒரு நாற்காலி, ஒரு குட்டி ஃப்ரிட்ஜ், அது மேல டெம்பரேச்சர் காட்டற மீட்டர். ஆனா எல்லாக் கடைலயும் இந்த ஊசி கெடைக்காது, மஞ்சக் காய்ச்சலுக்குன்னு தனியா பதிவு பண்ணின எடத்துல மட்டும்தான் போடலாம்.

கடைக்காரர் குஜராத்தி, அறுபது வயசு தாண்டிருக்கும். உகாண்டான்னு சொன்னதும் பேனாவைக் கீழ வெச்சுட்டு என்னையே பாத்தாரு. அவர் பொறந்ததே கம்பாலாவுலயாம்! 1972ல அந்த நாட்டு சர்வாதிகாரி இடி அமீன் இந்தியாக்காரங்களை 90 நாள்ல வெளிய போகச் சொன்னப்போ 8 வயசுல ஒரு சூட்கேஸோட இங்க வந்தவங்க. அப்போ இந்த ஊர் கவுன்சில், லெஸ்டருக்கு மட்டும் வராதீங்கன்னு அங்க பேப்பர்ல விளம்பரமே குடுத்துச்சாம். அதைப் பாத்துதான் இப்படி ஒரு ஊர் இருக்கறதே எங்க அப்பாவுக்குத் தெரிஞ்சுச்சுன்னு சொல்லி ஒரே சிரிப்பு. நீ எறங்கற என்டெபே ஏர்போர்ட் ஏரிக்கரைல இருக்கு, பாத்தா கடல்னு நெனைப்பன்னாரு. இதெல்லாம் பேசிக்கிட்டே ஃபாரத்தை நிரப்பினாரு. ஸ்டீராய்டு எடுக்கறியா, கர்ப்பமா, நெஞ்சுக்குள்ள தைமஸ்னு ஒரு சுரப்பி இருக்காம், அதை எடுத்திருக்காங்களா, இப்படி வரிசையா. உயிரோட இருக்கற கிருமியை வலுவக் கொறைச்சு போடற ஊசிங்கறதால இவ்ளோ கேக்கணுமாம்.

அடுத்த கேள்விதான் அப்பாகிட்ட சொல்லக்கூடாதது. முட்டை அலர்ஜி உண்டாங்கறாரு. ஏன்னா அந்த மருந்தை கோழி முட்டைக்குள்ளதான் வளக்கறாங்க. நம்ம வீட்டு வாசப்படிய முட்டை தாண்டினதே இல்ல, சாப்பிட்டாதானே அலர்ஜி இருக்கா இல்லையான்னு தெரியும், நான் முழிக்கறேன். மனுஷன் மெதுவா, கேக் சாப்பிடுவியான்னாரு. அம்மா, சாப்பிடுவேன். ஆபீஸ்ல வாரம் ஒருத்தருக்குப் பொறந்தநாள் வருது, 3 வருஷமா சாப்பிடறேன், முட்டை இல்லாததான்னு நான் கேட்டுக்கிட்டதும் இல்ல. அப்போ ஒண்ணும் ஆகாது, எங்க அம்மாவுக்கும் இதையேதான் சொல்லாம மறைச்சேன்னு சொல்லிட்டு சின்ன பாட்டில்ல இருந்த பொடியைத் தண்ணில கலக்கி வலது கைல ஏத்திட்டாரு. 15 நிமிஷம் அங்கயே உக்கார வெச்சு, மயக்கம் கியக்கம் வருதான்னு பாத்துதான் விட்டாங்க. மூணாம் நாள்தான் லேசா உடம்பு வலி. கல்யாணத்துல என்னைப் பாக்கறப்போ கேக் பேச்ச மட்டும் எடுக்காத.

இடது கைல போட்டது டைபாய்டுக்கு. அது உகாண்டாவுக்கு மட்டும் இல்ல, நம்ம ஊருக்கும் சேத்துதான். கோவப்படாத. எனக்கும் சுருக்குனுதான் இருந்துச்சு, நான் காவேரித் தண்ணி குடிச்சு வளந்தவ, ஆறாங்கிளாஸ்ல டைபாய்டு வந்து 21 நாள் கஞ்சி குடிச்சவ, எனக்கு எதுக்குன்னு கேட்டேன். ஒருவாட்டி வந்தா மறுபடி வராதுன்னு ஒண்ணும் இல்லயாம். இந்த நாட்டுல டைபாய்டோட ஆஸ்பத்திரிக்கு வர்றவங்கள்ல பெரும்பாலும் நம்மள மாதிரி சொந்த ஊருக்குப் போய்ட்டு வந்தவங்கதானாம், டூரிஸ்ட் வெள்ளைக்காரன் பயந்து பாட்டில் தண்ணி குடிப்பான், நாம சித்தி வீட்டுச் சொம்புல குடிப்போம்னாரு. வாய மூடிக்கிட்டு கையக் காட்டிட்டேன். 3 வருஷத்துக்குத் தாங்கும். ரெண்டுக்கும் சேத்து நம்ம காசுல பத்தாயிரத்துக்கு மேல, ஆபீஸ் குடுத்துடும்.

கார்டு எழுதறப்போதான் ஒரு சிக்கல். பாஸ்போர்ட்ல அப்பா பேர் குடும்பப் பேரா இருக்குல்ல, கடைல வேலை செய்யற பொண்ணு அதையே என் பேரா மொத வரில எழுதிட்டா. பெரியவர் பாத்துட்டு, இந்த சவுத் இந்தியன் இனிஷியல் பிரச்சினை எனக்குத் தெரியும், ஒரு எழுத்து மாறினாலும் உங்க ஏர்போர்ட்ல விட மாட்டாங்கன்னு அதைக் கிழிச்சுப் போட்டுட்டு பாஸ்போர்ட்டை விரிச்சு வெச்சு எழுத்தெழுத்தா வேற கார்டு எழுதினாரு. தேதில மாசத்தை நம்பரா எழுதக்கூடாதாம், எழுத்தாலதான் எழுதணுமாம். மருந்து பாட்டில் ஸ்டிக்கர் ஒட்டி, கையெழுத்துப் போட்டு, சீல் குத்தினாரு. எதுவரைக்கும் செல்லும்ங்கற கட்டத்துல ஊசி போட்டவரோட ஆயுள் வரைக்கும்னு இருக்கு. முன்னாடியெல்லாம் 10 வருஷம்தானாம், 2016லதான் மாத்தினாங்க.

இப்போ உனக்கு ஒரு வேலை. மலேரியாவுக்குத் தினம் ஒரு மாத்திரை குடுத்திருக்காங்க, கிளம்பறதுக்கு மொத நாள் ஆரம்பிச்சு அந்த ஊரை விட்டு வந்த பிறகும் 7 நாள் போடணும். அதனால பந்தக்கால் நட்ட வீட்டுல நான் மாத்திரை முழுங்கறதப் பாத்து என்ன சீக்கு என்ன சீக்குன்னு அத்தைங்க முன்னாடி கேட்டுடாத. வெறும் வயித்துல போடக்கூடாது, ராத்திரி ஒரு டம்ளர் பால் எனக்குன்னு எடுத்து வெச்சுடு. ஆடையோட இருந்தா நல்லது. குடிக்கற தண்ணிய மட்டும் கொஞ்சம் காய்ச்சி ஆற வை, எனக்குன்னு சொல்லாம எல்லாருக்கும்னு சொல்லி.

தம்பிகிட்ட சொல்லு, ஏர்போர்ட்ல நான் வெளிய வர லேட்டானா போன் மேல போன் போட வேண்டாம், ஹெல்த் கவுண்டர்ல கார்டு காட்டிக்கிட்டு நிப்பேன்.

கோமதி