நாலு பேர் சுமந்த படுக்கை

அன்புள்ள அம்மாவுக்கு,

நம் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துகள். நீங்களும் தம்பியும் சுகமாயிருக்க வேண்டுமென்று நான் இப்போது மீண்டும் ஒவ்வொரு நாளும் ஜெபிக்கிறேன். ‘மீண்டும்’ என்ற அந்தச் சொல்லைப் பார்த்ததும் உங்கள் மனம் துணுக்குறும் என்று தெரியும். அதை ஏன் எழுதினேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். தொலைபேசியில் உங்கள் குரலைக் கேட்டவுடனே ‘நன்றாக இருக்கிறேன் அம்மா’ என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது; அதற்குப் பிறகு வேறெதையும் சொல்ல முடிவதில்லை. தாளுக்கு முன்னால் அப்படித் தப்பிக்க வழியில்லை.

முதலில் என் நாட்கள் எப்படிப் போகின்றன என்று சொல்லிவிடுகிறேன். முதியோர் இல்லத்தில் இரவு வேலை, மாலை 8 மணி முதல் காலை 8 மணி வரை. 28 முதியவர்களுக்கு இரவில் நாங்கள் இருவர்தான். அவர்களில் சிலரால் படுக்கையில் தாமாகப் புரண்டு படுக்க முடியாது. ஒரே பக்கமாய்க் கிடந்தால் படுக்கைப்புண் வந்துவிடும் என்பதால், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போய் அவர்களைத் திருப்பிப் படுக்க வைத்து, முதுகுக்குப் பின்னாலும் முழங்கால்களுக்கு இடையேயும் தலையணை வைத்து, நேரத்தைக் குறித்துவிட்டு வர வேண்டும். பெரும்பாலோர் தூக்கத்தில் இருப்பார்கள். யார் வந்தார்கள், யார் திருப்பினார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. காலையில் பேருந்தில் அறைக்குத் திரும்பி, ஜன்னலுக்குத் திரையிட்டுத் தூங்குகிறேன். குளிர்காலத்தில் நான் எழும்போது சூரியன் மறைந்திருக்கும். வாரக்கணக்கில் பகல் வெளிச்சத்தைப் பார்க்காமலே இருந்திருக்கிறேன்.

இங்கே நான் செவிலியராக வேலை செய்வதாக நீங்கள் நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். அது உண்மையல்ல. நான் பராமரிப்பு உதவியாளர் மட்டுமே. இந்த நாட்டில் செவிலியராகப் பதிவு பெறுவதற்கான தேர்வை நான் இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் தோற்றேன். முதல் தோல்வியை அப்பாவின் உடல்நிலை மோசமாக இருந்த வாரத்தில் அறிந்தேன்; அதனால் சொல்லவில்லை. இரண்டாவது தோல்வி வந்தபோது அப்பாவே இல்லை.

அம்மா, இதைவிடக் கனமான ஒன்று இருக்கிறது. அப்பாவின் அடக்க ஆராதனையை நான் கைப்பேசித் திரையில் பார்த்தேன். என் பத்திரங்கள் புதுப்பித்தலுக்காக அலுவலகத்தில் இருந்தன. அப்போது நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வர முடியாது என்றார்கள். அன்று படம் இரண்டு முறை நின்று நின்று வந்தது. பெட்டியை இறக்கும் நேரத்தில் முழுவதும் நின்றுவிட்டது. அன்றிரவு முழங்காலில் நின்றேன். ஒரு வார்த்தையும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அப்படியே ஏழு மாதங்கள் போயின. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நீங்கள் ‘ஜெபம் பண்ணுகிறாயா?’ என்று கேட்டீர்கள். ஒவ்வொரு முறையும் நான் ‘ஆமாம் அம்மா’ என்றேன். அது பொய். என்னை மன்னியுங்கள்.

அந்த மாதங்களில் என்னை உள்ளுக்குள் அரித்தது கிருபை என்ற சொல்தான். எனக்கு விசா கிடைத்தபோது சபையில் எழுந்து நின்று ‘தேவகிருபையால் கிடைத்தது’ என்று சாட்சி சொன்னேன். எல்லாரும் ஸ்தோத்திரம் என்றார்கள். அப்படியானால் தேர்வில் தோற்றது எதனால்? அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கிடைக்காமற்போனது எதனால்? வாங்கியதற்கு மட்டும் கிருபை என்று பெயரிட்டு, இழந்ததற்குப் பெயரில்லாமல் விட்டால், அந்தச் சொல்லுக்கு நம் ஊதியச் சீட்டைவிட என்ன மதிப்பு இருக்கிறது? யாரோ ஒருவரிடம் சண்டைபிடிப்பது போல இதை எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்துப் பார்க்கையில், அதுவும் ஒருவகை ஜெபமாக இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

இங்கே நான் போகிற சிறிய சபையின் போதகர் ஒருநாள் அந்தச் சொல்லைப் பற்றிப் பேசினார். நம் தமிழ் வேதாகமத்தில் கிருபை என்று நாம் வாசிப்பது மூலத்தில் ஒரே சொல் அல்லவாம். 136ஆம் சங்கீதத்தின் 26 வசனங்களிலும் ‘அவர் கிருபை என்றுமுள்ளது’ என்று வருகிறதே, அங்கே எபிரெயத்தில் இருப்பது ‘ஹெசெத்’. உடன்படிக்கை செய்தவர் அதை விட்டு விலகாத உறுதியான அன்பு என்பது அதன் பொருள். பவுலின் நிருபங்களில் வரும் கிருபை கிரேக்கத்தில் ‘காரிஸ்’: தகுதி பார்க்காமல் தரப்படும் ஈவு. அந்தக் காலை, இரவு வேலை முடித்த களைப்போடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு ஒன்று தெளிவாயிற்று: இந்த இரண்டு பொருளிலும் விசாவுக்கோ தேர்வு முடிவுக்கோ இடமே இல்லை. ஒருவர் நம்மை விட்டுப் போகாதிருப்பதும், நமக்குத் தகுதியில்லாதபோதும் தம்மையே தருவதும்தான் அங்கே இருக்கின்றன. நான் சாட்சி சொன்ன நாளில் அந்தச் சொல்லை எவ்வளவு சிறிதாக்கிவிட்டேன்!

பிறகு இரண்டாம் கொரிந்தியரை மறுபடியும் வாசித்தேன். சிறு வயதில் 12ஆம் அதிகாரத்தின் ‘என் கிருபை உனக்குப்போதும்’ என்ற வசனத்தை மனப்பாடம் செய்து பரிசு வாங்கியிருக்கிறேன். ஆனால் அதற்கு முந்தைய அதிகாரத்தோடு சேர்த்து அதை வாசித்ததில்லை. அங்கே பவுல் தான் பட்ட பாடுகளை எண்ணிச் சொல்கிறார்: ஒன்று குறைய நாற்பது அடி ஐந்து முறை, மிலாறுகளால் அடி மூன்று முறை, ஒருமுறை கல்லெறி, மூன்று முறை கப்பற்சேதம், கடலில் ஓர் இராப்பகல். இத்தனையையும் கடந்த மனிதன், தன் மாம்சத்திலிருந்த ஒரு முள் நீங்கும்படி மூன்று முறை வேண்டிக்கொண்டான். நீங்கவில்லை. ‘பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்’ என்ற பதில் அந்த மறுப்போடு சேர்ந்தே வருகிறது. அந்த முள் என்னவென்று பவுல் எழுதவும் இல்லை. அதற்காக நான் நன்றி சொல்கிறேன். எழுதியிருந்தால் அந்த நோய் உள்ளவர்கள் மட்டுமே அந்த வசனத்தின் மேல் சாய்ந்திருப்பார்கள்.

அந்தப் ‘போதும்’ என்ற சொல் பல நாட்கள் என்னோடு இருந்தது. அதே சொல்லை எலியாவும் சொல்கிறார், நினைவிருக்கிறதா அம்மா? கர்மேல் மலையில் அக்கினி இறங்கியதைக் கண்ட அதே தீர்க்கதரிசி, யேசபேல் ராணியின் மிரட்டலுக்குப் பயந்து வனாந்தரத்தில் ஒருநாள் பிரயாணம் நடந்துபோய், ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, ‘போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்’ என்கிறார். மனிதன் சலித்துச் சொல்லும் போதும் அது. ‘என் கிருபை உனக்குப்போதும்’ என்பது தேவன் சொல்லும் போதும். இரண்டுக்கும் நம் மொழியில் ஒரே சொல்தான். எலியாவின் அந்தப் பேச்சுக்குத் தேவன் கண்டிக்கவில்லை. ஏன் ஜெபிக்கவில்லை என்றும் கேட்கவில்லை. தூங்கவிட்டார். தூதனை அனுப்பித் தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் கொடுத்தார். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதன் இரண்டாம் முறையும் வந்து தட்டியெழுப்பி, ‘நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்’ என்றான். ‘நீ இங்கே என்ன செய்கிறாய்?’ என்ற கேள்வி, நாற்பது நாள் நடந்து ஓரேப் மலையை அடைந்த பிறகுதான் வருகிறது. ஆவிக்குரிய சோர்வு என்று நான் என்மேல் குற்றஞ்சாட்டிக்கொண்டிருந்ததில் பாதி தூக்கமின்மை என்பதை அந்த அதிகாரத்திலிருந்துதான் கற்றேன்.

அதே நாட்களில் ஓர் இரவு, மூன்று மணிச் சுற்றில், பேச்சிழந்த ஒரு முதியவரைத் திருப்பிப் படுக்க வைத்தேன். அவர் விழிக்கவில்லை. தலையணையைச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தபோது எனக்குள் தோன்றியதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நான் என் பலத்தால் புரள முடியாமல் கிடந்த அந்த ஏழு மாதங்களிலும், நான் அறியாத நேரங்களில் ஏதோ ஒரு கை வந்து என்னைத் திருப்பிக்கொண்டிருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் என் உள்ளம் இதற்குள் புண்ணாகி அழுகியிருக்கும். ஏற்றபடி வேண்டிக்கொள்ள அறியாத நமக்காக ஆவியானவர்தாமே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8ஆம் அதிகாரம் சொல்வதை நான் எத்தனை முறை வாசித்திருப்பேன்! அந்த அறையில், அந்தச் சிறிய விளக்கின் வெளிச்சத்தில்தான் அதை நம்பினேன்.

அடுத்த வாரம் சபையின் ஜெபக்கூட்டத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன். இந்த ஊர் மொழியில், தப்பும் தவறுமாக, ‘என்னால் ஜெபிக்க முடியவில்லை’ என்ற ஒரே வாக்கியம். யாரும் அறிவுரை சொல்லவில்லை. ஒரு மூதாட்டி மட்டும், ‘சரி, அதுவரை உனக்காக நாங்கள் ஜெபிக்கிறோம்’ என்றார். மறுநாள் தம் வீட்டுச் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார்: நான் தங்கியிருக்கும் அறையில் நால்வர் இருக்கிறோம், அங்கே படிக்க முடியாது என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். இப்போது விடுமுறை நாட்களில் அவர் வீட்டு மேசையில்தான் படிக்கிறேன்.

மாற்கு 2ஆம் அதிகாரத்தில் திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்துகொண்டு வருகிறார்கள். கூட்டத்தினால் உள்ளே போக முடியாமல், மேற்கூரையைப் பிரித்துத் திறப்பாக்கிப் படுக்கையோடு இறக்குகிறார்கள். அங்கே இயேசு ‘அவர்கள் விசுவாசத்தைக் கண்டு’ பேசினார் என்று எழுதியிருக்கிறது. படுத்திருந்தவன் வாய் திறந்து எதையும் கேட்டதாக இல்லை. அம்மா, நான் பொய் சொன்ன ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நீங்கள் அந்தப் படுக்கையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். இன்னொரு முனையை இந்த மூதாட்டி பிடித்தார். மற்ற இரு முனைகளையும் யார் பிடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

சூழ்நிலை மாறிவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். மூன்றாம் முறை தேர்வு இன்னும் ஒன்றரை மாதத்தில் வருகிறது. தேறுவேன் என்ற வாக்குத்தத்தம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. கடன் அப்படியே இருக்கிறது. எரேமியா 29ஆம் அதிகாரத்தில் ‘சமாதானத்துக்கேதுவான நினைவுகள்’ என்ற வசனத்தைச் சட்டம்போட்டு மாட்டுகிறோமே, அது பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு எருசலேமிலிருந்து போன கடிதத்தில் உள்ளது; அதற்கு முந்தைய வசனத்திலேயே எழுபது வருஷம் என்று எழுதியிருக்கிறது. அதைப் பெற்ற பெரியவர்கள் பலர் திரும்பி வரும் நாளைக் கண்டிருக்க மாட்டார்கள். அவர்களுக்குச் சொல்லப்பட்டது வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்துக்காக விண்ணப்பம்பண்ணுங்கள் என்பதே. அதனால் நானும் வேலைக்குப் போகும் பேருந்தில் இந்த ஊருக்காகவும், அன்றிரவு நான் திருப்பிப் படுக்க வைக்கப்போகிறவர்களுக்காகவும் பெயர் பெயராக ஜெபிக்கத் தொடங்கியிருக்கிறேன். என் ஜெபம் இப்போதைக்கு அவ்வளவுதான். நீளமில்லை, ஆனால் பொய்யில்லை.

இனி ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் கேட்கும்போது, முடிந்தது என்றால் முடிந்தது என்றும், முடியவில்லை என்றால் முடியவில்லை என்றும் சொல்வேன். நீங்களும் அப்படியே சொல்ல வேண்டும். அப்பா போன பிறகு இரவில் நீங்கள் தூங்குகிறீர்களா என்று நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. தம்பியிடம் கேட்டேன், அவன் பேச்சை மாற்றினான்.

கடைசியாக ஒன்று. நான் புறப்பட்டபோது அப்பா தம்முடைய வேதாகமத்தை என் பெட்டியில் வைத்தார் அல்லவா, அதைப் போன வாரம்தான் திறந்தேன். புலம்பல் 3ஆம் அதிகாரத்தில், ‘நாம் நிர்மூலமாகாதிருக்கிறது கர்த்தருடைய கிருபையே’ என்ற வசனத்தின் அருகே பென்சிலால் ஒரு தேதி குறித்திருக்கிறார். நான் நான்காம் வகுப்பு படித்த ஆண்டு அது. கோடு தாளைக் கிழித்துவிடும் அளவுக்கு அழுத்தி இழுக்கப்பட்டிருக்கிறது. அந்த ஆண்டில் நம் வீட்டில் எந்தக் குறையும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. நீங்கள் இருவரும் சிரித்த முகத்தோடுதான் இருந்தீர்கள். அன்று என்ன நடந்தது அம்மா? தொலைபேசியில் வேண்டாம், எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகள்